சோறு முதலில், பெயர் பிறகு

புதிதாக நியமனம் பெற்ற அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தர்களின் பயிற்சி வகுப்பொன்றில் பேசும்படி சென்ற ஆண்டு என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்றவர்களை இப்படி அழைப்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு மரியாதை. பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த றிஸ்வானா என்ற பிள்ளை எழுந்து கேட்டாள்.

"மிஸ், சைரன் இரிக்கி. போனுக்கு மெசேஜ் போகுது. காலநிலை அறிக்கையும் முந்தி மாதிரி இல்ல, சரியா வருது. ஆனாலும் சில ஊர்கள்ள சனம் எழும்பி வாறாங்க இல்ல. அவங்களுக்கு விளங்குதில்லயா?"

"விளங்குறதாலதான் வாறாங்க இல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. நான் சிரிப்பதற்காக அதைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்று கொடுக்காமல் விட்ட மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றவை என் நாட்குறிப்பில் உள்ளபடியே.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பிரிவு தொடங்கப்பட்டபோது நான் வேலையில் சேர்ந்தேன். கொழும்பிலும் வெளிநாட்டிலும் பயிற்சிகள் தந்தார்கள். வட்டம் வட்டமாக வரைந்த படங்களையும் அம்புக்குறிகளையும் பார்த்து எழுதிக்கொண்டேன். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலையை நான் கற்றது நஸீர் சேரிடம்.

அவர் காத்தான்குடிக்காரர். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். கள வேலைக்குப் போகும்போது காற்சட்டையை மடித்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வாகனத்தில் வைத்துவிட்டு, றப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வார். கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். கூட்டம் முடிந்து மற்ற அதிகாரிகள் வாகனத்துக்குப் போன பிறகு அவர் மட்டும் பின்தங்கி, ஊர்ச் சனத்தோடு சேர்ந்து கதிரைகளை அடுக்குவார். முதல் தடவை நான் வாகனத்தில் ஏறிக் காத்திருந்தேன். இறங்கி வரும்படி கைகாட்டினார்.

"கதிர அடுக்கக்குள்ளதான் தங்கச்சி சனம் மெய் பேசும்" என்றார்.

எங்கள் மாவட்டத்து உப்புநீர் வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரை என்னும் பக்கத்தில், தில்லைமுனை என்று வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஊர். முன்னால் வாவி, பின்னால் வயல். மாரியில் மேலேயுள்ள குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தால் தண்ணீர் வயலால் வரும். கடல் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் வாவியும் ஏறிவரும். இரண்டுக்கும் நடுவில் ஊர். ஊரில் மேடான இடம் பாடசாலை ஒன்றுதான். யுத்தம் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. முதலாவது வெள்ள ஒத்திகையை அங்கே நடத்தினோம்.

வழிகாட்டிக் கைந்நூலில் இருந்ததை ஒரு வரி பிசகாமல் செய்தோம். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஊரைச் சுற்றியது. எல்லோரும் உடனடியாகப் பாடசாலைக்கு வந்து ஒன்றுகூடவும், அடையாள அட்டையைக் கொண்டுவரவும் என்று அறிவித்தது. பாடசாலை வாசலில் மேசை போட்டு, வருவோரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிந்தோம். ஆண்கள் இடப்பக்கக் கட்டடம், பெண்களும் பிள்ளைகளும் வலப்பக்கக் கட்டடம். உதவிக்கு வந்த சீருடைக்காரர்கள் குடிநீர்த் தாங்கியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நல்ல பிள்ளைகள்தான். முகம் கோணாமல் வேலை செய்தார்கள்.

பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள், நடக்க முடியாத கிழவர்களைத் தூக்கி வந்தார்கள். வயதுக்கு வந்த ஆண்கள் ஒருவருமில்லை. ஆண்கள் தொழிலுக்குச் சென்றிருந்தனர் என்று, நிதி தந்த நிறுவனத்தின் ஆலோசகர் எழுதிக்கொண்டார். நஸீர் சேர் கரையைப் பார்த்தார். காலையில் நாங்கள் வந்தபோது வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த தோணிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

"உச்சி வெயிலுக்குள்ள எந்த வாவியிலயடா மீன் படுது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்று கதிரை அடுக்கும்போது எங்களோடு நின்றவள் தங்கேஸ்வரி. மாதர் சங்கத்தின் தலைவி. நாற்பது வயதிருக்கும். அடுக்கிக்கொண்டே சேரைச் சீண்டினாள்.

"ஒத்திகைக்கு ரோல்சும் சோடாவும் தந்தயள். மெய்யான வெள்ளத்துக்கு என்ன சேர், கேக்கோ?"

"உங்கட ஆம்புளையளுக்கும்தான் எடுத்து வச்சிரிக்கி. ஆரையும் காணல்லயே."

அவள் இன்னும் இரண்டு கதிரைகளை அடுக்கினாள்.

"வாகனத்தில ஸ்பீக்கரக் கட்டிட்டு வந்து, எல்லாரும் ஸ்கூலுக்கு வாங்க, ஐடென்ரியக் கொண்டுவாங்க எண்டு சொன்னா எங்கட ஊருல ஆம்புளையள் நிக்கமாட்டாங்க சேர். எண்ட வீட்டுக்காரர் நிண்டவர். சொன்ன மாதிரியே ஐடென்ரியையும் கொண்டு வந்தவர். இந்தக் கேற்றாலதான் உள்ளுக்குப் போனவர். இப்படித்தான் மேச போட்டு, இருந்து பேர் எழுதினாங்க. ஆம்புளையள் இடப் பக்கம் எண்டாங்க."

"மறுகா?"

"மறுகா என்ன. நாங்க பொம்புளையள் வெளிய வந்தம். அவர் வரல்ல. மதன் அப்ப எண்ட வயித்துல."

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. அடுத்த கதிரையை எடுத்தாள். யார் கூட்டிச் சென்றார்கள் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

திரும்பும் வழியில் சேர், தன் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்ட இரவைப் பற்றிச் சொன்னார். பிறகு, "எங்கட ஆக்களும் அப்படித்தான் தங்கச்சி. சனம் கூடி நிக்கிற இடமெண்டா எனக்கு இண்டைக்கும் கால் கூசும்" என்றார்.

அதன்பின் பல வாரங்கள் எங்கள் அலுவலக நடைபாதை ஓர் ஊராக இருந்தது. நஸீர் சேர் நனைந்த துணிப்பையோடு வருவார். "நான் இப்ப சனம். நீங்க கேற்றடியில நிக்கிற ஆக்கள்" என்பார். நாங்கள் வரவேற்க வேண்டும். முதல் வார்த்தை என்ன சொல்கிறோம், கை எங்கே இருக்கிறது, அவரை நிற்கவைத்துப் பேசுகிறோமா, இருக்கவைத்துப் பேசுகிறோமா என்று பார்ப்பார். நான் ஒருநாள் "உங்கள் பெயர்?" என்று தொடங்கினேன். அவர் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார். கீழே தேநீர்க்கடையில் அவரைத் தேடிப்பிடித்தேன்.

"ஓடிட்டன் தங்கச்சி. இனி என்ன எங்க தேடப்போறயள்?" என்றார்.

இப்படிச் செய்து செய்து ஒரு நடைமுறை உருவானது. ஒலிபெருக்கி வாகனம் இல்லை. மாதர் சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள். பாடசாலை வாசலின் இரு கதவுகளையும் அகலத் திறந்து கயிற்றால் கட்டிவிட வேண்டும். வாசலில் மேசை கூடாது. தண்ணீர்த் தாங்கியும் அதைக் கொண்டுவரும் சீருடைக்காரர்களும் வீதியிலேயே நிற்க வேண்டும். குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது. வந்தவர்கள் முதலில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு, ஈரத்துணி மாற்றி, பாயில் இருந்த பிறகு, நாங்களும் அதே பாயில் இருந்து பெயரைக் கேட்டு எழுதலாம். அட்டையை நாங்களாகக் கேட்பதில்லை. சோறு முதலில், பெயர் பிறகு என்று சேர் அதைச் சுருக்கினார். எங்கள் கணக்காளருக்கு அது பிடிக்கவில்லை. பெயரில்லாதவனுக்கு எப்படிச் சோறு கணக்குக் காட்டுவது என்று கேட்டார். பசிக்குப் பெயரில்லை என்று சேர் சொன்னதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இரண்டாவது ஒத்திகைக்குக் கோயிலில் சோறாக்கும் பெரிய கிடாரத்தைப் பாடசாலைக் குசினிக்குக் கொண்டுவந்தோம். தங்கேஸ்வரி தேங்காய் மட்டையும் காயாத விறகும் வைத்து அடுப்பு மூட்டினாள். தகரக் கூரையின் மேலால் புகை எழுந்து வாவிப் பக்கம் சாய்ந்தது. அரிசி கொதிக்கத் தொடங்கும்போது வாவியோரக் கண்டல் காட்டுக்குள்ளிருந்து முதலாவது தோணி வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல.

முதல் தோணியில் வந்தவன் மதன். இருபது வயது இருக்கும். நேராகக் குசினி வாசலுக்கு வந்தான்.

"அம்மா, என்ன கறி?"

"வெள்ளத்தில தப்பி வாறவன் கறியா கேப்பான்? கொஞ்சம் நடுங்கிக்கிட்டு வாடா. சேர் பாக்கிறார்."

மதன் உடனே பல்லைக் கிட்டித்துக்கொண்டு நடுங்கிக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம். நஸீர் சேர் அவனைப் பக்கத்தில் இருத்தி, இந்த முறை மட்டும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்.

"புகையப் பாத்துத்தான் சேர். அம்மாக்கு உள்ளுக்க ஏதும் பயம் இருந்தா அடுப்பு மூட்டமாட்டா. மூட்டினா, எல்லாம் சரி எண்டு அர்த்தம்."

எங்களிடம் அப்போது ஒலிபெருக்கிகளும் கொடிகளும் ஒரு களஞ்சியம் நிறைய இருந்தன. அந்த ஊர் ஆண்கள் நம்பிய ஒரே எச்சரிக்கைக் கருவி தங்கேஸ்வரியின் அடுப்பு. அதை நடைமுறையில் சேர்த்துக்கொண்டோம். எச்சரிக்கை கிடைத்ததும் முதல் வேலை அடுப்பு மூட்டுவது.

பின்வந்த மாரிகளில் அது உண்மையாகவே வேலை செய்தது. தண்ணீர் ஏறுவதற்கு முன் புகை ஏறியது, தோணிகள் வந்தன. ஒருவரையும் இழக்கவில்லை. அந்த முகாம்களில் தங்கேஸ்வரிக்கு என்னோடு உரிமை வந்துவிட்டது. மதனுக்குப் பெண் தேடும் பொறுப்பையும் என் தலையில் வைத்தாள்.

"உங்கட சேர்ச்சுல நல்ல புள்ள இருந்தாச் சொல்லுங்க மிஸ். எண்ட மருமகள் எந்தச் சாமியக் கும்பிட்டாலும் சரி, இந்தக் கிடாரத்தக் கழுவத் தெரிஞ்சாப் போதும்."

"அப்ப நானே கழுவிட்டுத் தனிய இருக்கன்" என்று மதன் உள்ளேயிருந்து சொல்வான்.

பிறகு நாடு முழுவதும் பதற்றம் பரவிய அந்த ஆண்டு வந்தது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பின் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை என்று எல்லா வாசல்களிலும் பைகளையும் அட்டைகளையும் சோதித்தார்கள். என் தேவாலயத்துக்கே நான் அட்டையைக் காட்டித்தான் போனேன். பயப்படக் காரணம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

நஸீர் சேர் தில்லைமுனைக்குப் போவதை நிறுத்தினார். "இப்ப நான் போனாக் கதை வேற தங்கச்சி. குண்டு வச்சவன் எங்கட ஊரான். என்னப் பாத்தா அவங்களுக்குப் பயம், அவங்களப் பாத்தா எனக்குப் பயம். நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றார். பத்து வருடம் ஒரே பாயில் இருந்து சோறு தின்ற மனிதர். அந்த ஆண்டின் நடுவில் ஓய்வுபெற்றுப் போனார். பிரியாவிடைக்கு வைத்த கதிரைகளை அவரே அடுக்கினார்.

அவருக்குப் பின் வந்தவர் கெட்டிக்காரர், நேர்மையானவர். பாதுகாப்பு அறிவுறுத்தலின்படி மக்கள் கூடும் இடங்கள் எல்லாவற்றிலும் வாசலிலேயே அடையாளம் பார்க்கவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதோடு, முகாம்களில் சமைப்பது சுகாதாரமில்லை, நகரத்திலிருந்து சோற்றுப் பார்சல் போகும் என்றும் முடிவானது. தில்லைமுனைக்கு மட்டுமாவது விலக்குத் தரும்படி எழுதியும் கேட்டேன், நேரிலும் கேட்டேன். கதிரை, மேசை, அடுப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது மிஸ். ஆனா நாளைக்கு உள்ளுக்க ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

அது நியாயமான கேள்வி. எங்கள் தொழிலின் சங்கடமே அதுதான். வெள்ளத்துக்கு ஒரு திணைக்களம், பாதுகாப்புக்கு ஒரு திணைக்களம், சுகாதாரத்துக்கு ஒரு திணைக்களம். மூன்றும் சரியாகத்தான் வேலை செய்தன. மூன்றின் கீழும் நின்ற சனம் ஒரே சனம்.

அந்த ஆண்டு மாரியில் வெள்ளம் வந்தது. புளியந்தீவில், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் அமைந்த அவசர அறையில் தொலைபேசிகளுக்குப் பொறுப்பாக நான் இருந்தேன். விடிந்து சற்று நேரத்தில் தங்கேஸ்வரி அழைத்தாள்.

"மிஸ், குசினி பூட்டிக் கிடக்கு. கிடாரத்த உள்ளுக்குக் கொண்டுபோக விடுறாங்க இல்ல. பார்சல் வருதாம், அடுப்புத் தேவல்லயாம்."

"நீங்க எங்க நிக்கிறயள்?"

"நான் உள்ளுக்க வந்திட்டன். ஐடென்ரியக் காட்டிட்டு வந்தன்."

"மதன்?"

"என்னத் தோணியில கொண்டுவந்து கேற்றடியில இறக்கினான். மேசையப் பாத்தான். ஆம்புளையள் ஒரு பக்கமா வாங்க எண்டாங்க. தோணியத் திருப்பிட்டான் மிஸ். 'நீங்க போங்கம்மா, புகை வந்தா வாறன்' எண்டுட்டுப் போறான். மத்தப் பொடியனுகளும் கண்டலுக்குள்ளதான் நிக்கானுகள்."

வெளியே வீதியோரத்திலாவது மூட்டுங்கள் என்றேன்.

"விறகு முழுக்க ஊறிட்டு மிஸ். தலைக்கு மேல கூரை இல்லாம எப்படிப் பத்தும்?"

எங்கள் புதிய பொறுப்பதிகாரியிடம் ஓடினேன். அவர் உடனே பாடசாலை வாசலில் சோதனைக்கு நின்ற சீருடைக்காரர்களோடு தொலைபேசியில் பேசினார். தங்கள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால்தான் குசினியைத் திறக்கலாம் என்றார்கள். மேலிடத்தைத் தேடினோம். அந்த இலக்கம் ஓயாமல் வேறு அழைப்பில் இருந்தது. பார்சல் ஏற்றிய லொறி பாலத்தடியில் தண்ணீரில் நின்றுவிட்டது. நீர்ப்பாசனத் திணைக்களம் அழைத்தது: வான்கதவுகளைத் திறக்கிறோம், இன்னும் பொறுத்தால் குளக்கட்டு தாங்காது. வழமைப்படி எல்லாப் பிரதேச செயலகங்களுக்கும் செய்தியை அனுப்பினேன். ஒவ்வொருவரும் கிடைத்தது என்று பதில் தந்தார்கள். தில்லைமுனையின் கண்டல் காட்டுக்குள் தோணியில் நின்றவர்களுக்கு மட்டும் செய்தி கொண்டுபோக எங்களிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. மதனின் தொலைபேசி தாயின் பையில் இருந்தது. நனைந்துவிடும் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மற்றவர்களின் இலக்கங்களுக்கு அழைப்புப் போகவில்லை.

மதியம் கடந்து உத்தரவு வந்தது. குசினி திறந்தார்கள். புகை எழுந்தது.

அதன் பிறகு நடந்ததைக் கிராம உத்தியோகத்தர்தான் எனக்குச் சொன்னார். தோணிகள் ஒவ்வொன்றாக வந்தன. வயலால் வந்த தண்ணீர் அதற்குள், கண்டலுக்கும் பாடசாலைக்கும் நடுவிலுள்ள ஓடைக்குள் இறங்கி இழுக்கத் தொடங்கிவிட்டது. சிலர் கவிழ்ந்து நீந்தி வந்தார்கள். வாசலில் நின்றவர்கள் மேசையைத் தள்ளிவிட்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, கயிறு எறிந்து அவர்களை இழுத்தெடுத்தார்கள். யாரும் யாரிடமும் அட்டை கேட்கவில்லை. மதனின் தோணி வரவில்லை.

சோறு வெந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள், கிடாரத்தை இறக்கினார்கள். தங்கேஸ்வரி அடுப்பை அணைக்க விடவில்லை. வெறும் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த விறகைக் கொண்டுவந்த பெண்களைத் திருப்பி அனுப்பினாளாம்.

"ஈர விறகாப் பாத்துக் கொண்டுவாங்கடி. புகை வரட்டும்."

தண்ணீர் வடிந்த பிறகு கண்டல் வேர்களுக்கிடையில் அவனைக் கண்டெடுத்தார்கள்.

செத்தவீட்டுக்கு நான் போனேன். வேலியோரத்தில், வீதியில், குடையைப் பிடித்தபடி நஸீர் சேர் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். உள்ளே வரத் தயங்கினார். முற்றத்தில் நின்ற சிலர் அவரைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். தங்கேஸ்வரி படியில் இருந்தவள் எழுந்து வேலிக்கு வந்தாள்.

"உள்ள வாங்க சேர். செத்தவீட்டில ஆரும் பேர் கேக்கமாட்டாங்க."

அவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மாவட்ட அறிக்கையில் அந்த மரணத்துக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டது. எச்சரிக்கையைப் புறக்கணித்து வாவிக்குள் சென்றமையால் ஏற்பட்ட உயிரிழப்பு. அந்த வரியைத் திருத்தச் சொல்லி நான் கொடுத்த குறிப்பு கோப்பில் சேர்க்கப்பட்டது. வரி திருத்தப்படவில்லை. மதன் எங்கள் எச்சரிக்கையைப் புறக்கணிக்கவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்த எச்சரிக்கைக்காகவே அவன் காத்திருந்தான். அடுத்த ஆண்டு பதற்றம் தணிந்ததும் சுற்றறிக்கையை மீளப் பெற்றார்கள். அடுப்பும் திரும்பி வந்தது. இவ்வளவு சுலபமாகத் திரும்பி வரக்கூடியது ஒரு மாரிக்கு மட்டும் இல்லாமற்போனது என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கடந்த மாரியில் புயல் கரையைக் கடந்தபோது நான் வீட்டில் இருந்தேன். வகுப்பில் கேள்வி கேட்ட அதே றிஸ்வானாவுக்குத் தில்லைமுனை பொறுப்பாகியிருந்தது. மாலையில் அழைத்தாள். பின்னால் மழையும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"மிஸ், தங்கேஸ்வரியக்கா வெள்ளனவே வந்து கேற்றடியில நிக்கிறா. நான் போட்ட மேசையத் தூக்கி உள்ளுக்க வைக்கச் சொல்லிட்டா. வாற ஆம்புளையள் ஒவ்வொருத்தனையும் அவதான் கையப் புடிச்சு உள்ளுக்கு விடுறா."

"நல்லது. மேச உள்ளுக்கயே இரிக்கட்டும். தோணி எல்லாம் வந்திட்டா?"

"வந்திட்டு மிஸ். நான் கரைக்குப் போய்ப் பாத்தன். ஒருத்தரும் மிச்சமில்ல."

"சமையல் ஆர்?"

"வேற ஆக்கள். அவ அடுப்படிக்குப் போறா இல்ல."

"அவ சாப்பிட்டாவா?"

அவள் எங்கோ ஒதுங்கிப் போனாள்போலும், பாத்திரச் சத்தம் குறைந்தது.

"இல்ல மிஸ். எல்லாரும் வந்தாப் பிறகு தின்னுறன் எண்டா. எல்லாரும் வந்திட்டாங்க அக்கா எண்டு சொன்னன். ஓடையப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் திருப்பிப் போய்ச் சொல்லட்டா?"

சொல்ல வேண்டாம் என்றேன்.